உங்கள் பூத்தில் வாக்குப்பதிவை உயர்த்துவது எப்படி? சென்னை மாநகராட்சித் தேர்தலுக்கு ஒரு வழிகாட்டி

2022 பிப்ரவரி 19 அன்று தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது பேரூராட்சிகளில் 74.68 விழுக்காட்டினரும், நகராட்சிகளில் 68.22 விழுக்காட்டினரும், மாநகராட்சிகளில் 52.22 விழுக்காட்டினரும் வாக்களித்தனர். சென்னையில் பதிவானது 43.59 விழுக்காடு. ஊர் பெரிதாகப் பெரிதாக வாக்குப்பதிவு இறங்கிக்கொண்டே போகிறது. ஆனால் அதற்குச் சுமார் பத்து மாதங்களுக்கு முன்பு, 2021 சட்டமன்றத் தேர்தலில், இதே சென்னையில் ஏறத்தாழ 59 விழுக்காடு வாக்குகள் பதிவாகியிருந்தன; ஆகவே சென்னைக்காரர்களுக்கு வாக்களிப்பதில் அக்கறை இல்லை என்று முடிவுகட்டுவது நியாயமாகாது.

பேரூராட்சியில் வேட்பாளர் தெரிந்த முகமாக இருக்கிறார், அவருடைய வீடு எங்கே என்று எல்லோருக்கும் தெரியும், மாலையில் தெருவில் பார்க்கிறவர்கள் "ஓட்டு போட்டாச்சா?" என்று கேட்கிறார்கள். சென்னையில் இந்த மூன்றும் பெரும்பாலும் இல்லை. அவற்றை ஒரு தெருவுக்கோ, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கோ திரும்பக் கொண்டுவர முடியும் என்பதும், அதைச் செய்வதற்கு எந்தக் கட்சியிலும் இருக்க வேண்டியதில்லை என்பதும் என் உறுதியான கருத்து. 2022 மார்ச் தொடக்கத்தில் பொறுப்பேற்ற மாமன்றத்தின், அதாவது கவுன்சிலர்கள் அடங்கிய மன்றத்தின், ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு தொடங்கினால் இங்கே சொல்லப்போகிற வேலைகளில் பாதியைக்கூடச் செய்ய இயலாது.

யாராவது "இதனால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்று கேட்டால்

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் யார் வீட்டுக் கதவையும் தட்டக் கூடாது. எனவே கணக்கிலிருந்து தொடங்குங்கள். மாநகராட்சியில் 200 வார்டுகள். 2022இல் வாக்காளர்கள் ஏறத்தாழ 61 லட்சம் பேர். வார்டுக்குச் சராசரியாக 30,000 பேர் என்று கொண்டால், 43.59 விழுக்காட்டின்படி வாக்களித்தவர்கள் சுமார் 13,000 பேர். அதில் பாதி, அதாவது 6,500 வாக்குகள், வெற்றிக்குப் போதும். நான்கைந்து வேட்பாளர்கள் வாக்குகளைப் பிரித்துக்கொள்ளும் வார்டில் அதைவிடக் குறைவே போதும். முப்பதாயிரம் பேருக்கான கவுன்சிலரை ஐந்தில் ஒரு பங்கினர் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பொருள். இந்தக் கணக்குக்கு மறுபக்கமும் உண்டு: 300 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பின் 600 வாக்குகள் சட்டமன்றத் தொகுதியில் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், ஆனால் வார்டுத் தேர்தலில் முடிவையே மாற்றக்கூடியவை.

எந்தப் பூத்தில் எத்தனை வாக்கு விழுந்தது என்பது ரகசியமன்று. வாக்குப்பதிவு முடிந்ததும் பதிவான வாக்குகளின் கணக்கு வேட்பாளர்களின் முகவர்களிடம் தரப்படுகிறது. வெற்றி பெற்றவரும் தோற்றவரும் அந்தத் தாள்களை வைத்துக்கொண்டுதான் அடுத்த ஐந்தாண்டுகளைத் திட்டமிடுகிறார்கள். வாக்களிக்காத தெரு அந்தத் தாளில் வாக்களிக்காத தெருவாகவே பதிந்துவிடுகிறது.

பிறகு, மாமன்றம் என்ன செய்கிறது என்பதைச் சொல்லுங்கள். மழைநீர் வடிகால், உட்புறச் சாலை, தெருவிளக்கு, குப்பை அகற்றல், கொசு ஒழிப்பு, பூங்கா, மாநகராட்சிப் பள்ளி, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு. அதன் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் 2025-26இல் 5,000 கோடி ரூபாயைத் தாண்டியது. 2022 பிப்ரவரியில் வாக்குப்பதிவு முடிந்து ஏறத்தாழ ஆறு வாரங்களில் சொத்து வரிச் சீராய்வு அறிவிக்கப்பட்டது. சென்னையில் குடியிருப்புகளுக்கான உயர்வு, பகுதியையும் பரப்பளவையும் பொறுத்து, 25 முதல் 150 விழுக்காடு வரை இருந்தது. அந்த வரித் தீர்மானம் வந்து நின்ற மாமன்றத்தைத் தேர்ந்தெடுக்கத்தான் நகரின் பாதிக்கும் மேற்பட்டோர் வரவில்லை. குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு என்பதையும், மின்சாரம் மின்வாரியத்தின் பொறுப்பு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கவுன்சிலரால் எல்லாம் ஆகும் என்று சொல்லி வாக்களிக்க வைத்தால், அடுத்த தேர்தலில் அந்த வீட்டின் கதவு திறக்காது.

மாமன்றம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலுக்கான அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த மாதமே மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் 2022 வரை தனி அலுவலர் நிர்வாகமே நடந்தது. 2020இன் பெருந்தொற்றும் 2021 நவம்பரின் வெள்ளமும் கவுன்சிலர் ஒருவர்கூட இல்லாத நகரத்தின் மீதுதான் வந்தன. 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலை வலியுறுத்தியும், 2011க்கும் 2022க்கும் நடுவில் சென்னையில் மாநகராட்சித் தேர்தலே நடக்கவில்லை. 2011 தேர்தலுக்குச் சில நாள் கழித்து 18 வயதை எட்டிய ஒருவர் தம் முதல் கவுன்சிலருக்கு வாக்களிக்க 28 வயதுவரை காத்திருந்தார். குறைந்த வாக்குப்பதிவைக் குடிமக்களின் சோம்பல் என்று மட்டும் பேசுகிறவர்கள் இந்தப் பத்தாண்டு இடைவெளியை மறந்துவிடுகிறார்கள். வாக்களிக்கும் பழக்கம் வளர வேண்டிய காலத்தில் தேர்தல் என்ற ஒன்றே இல்லாமல் இருந்தது.

"மேயரை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லையே" என்றும் சிலர் சொல்வார்கள். 1996, 2001, 2011 தேர்தல்களில் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006இலும் 2022இலும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். மறைமுகத் தேர்தலில் கவுன்சிலருக்கு இடும் வாக்குதான் மேயருக்கும் இடும் வாக்கு என்பதால் அதன் கனம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

பட்டியலைப் பார்ப்பதுதான் முதல் வேலை

உள்ளாட்சித் தேர்தலுக்கென்று தனியாகப் பெயர் சேர்ப்பதில்லை. சட்டமன்றத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலையே எடுத்து, மாநிலத் தேர்தல் ஆணையம் அதை வார்டுவாரியாகப் பிரித்துக்கொள்கிறது. எனவே அந்தப் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு மாநகராட்சித் தேர்தலிலும் வாக்கு இல்லை.

சென்னையில் இந்த வேலை முன்னெப்போதையும்விட இப்போது அவசியம். 2025 நவம்பரில் தொடங்கிய, வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின், டிசம்பரில் வெளியான வரைவுப் பட்டியலில் சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் நீங்கியிருந்தன. இறந்தவர்கள், வீடு மாறியவர்கள், இரண்டு இடங்களில் பதிவானவர்கள் ஆகியோரின் பெயர்கள் நெடுங்காலமாகப் பட்டியலில் தங்கியிருந்ததால், பழைய விழுக்காடுகளில் ஒரு பங்கு உண்மையில் வரவே முடியாதவர்களின் கணக்கு என்பதும் இதிலிருந்து தெரிகிறது. பட்டியல் சுருங்கியதாலேயே அடுத்த தேர்தலில் விழுக்காடு உயர்ந்து தெரியலாம். அதைக் கண்டு மகிழ்ந்துவிடாமல், உங்கள் பூத்தில் பதிவான வாக்குகளின் எண்ணிக்கை கூடியதா என்று பாருங்கள்.

உங்கள் பாகத்துக்கான (உங்கள் தெரு அடங்கிய பகுதிக்கான) பட்டியலை இணையத்திலிருந்து இறக்கி அச்சிட்டுக்கொள்ளுங்கள். தெருவில் இருவர் இருவராகச் சென்று, ஒவ்வொரு வீட்டிலும் 18 வயது நிறைந்த எல்லோருடைய பெயரும் இருக்கிறதா என்று சரிபாருங்கள். பெயர் இல்லாதவர்கள் படிவம் 6 நிரப்ப வேண்டும்; வீடு மாறியவர்களும் பெயர், வயது முதலியவற்றில் பிழை உள்ளவர்களும் படிவம் 8 நிரப்ப வேண்டும். இரண்டையும் இணையத்திலும் செய்யலாம், வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமும் கொடுக்கலாம். ஐயம் இருந்தால் 1950 என்ற எண்ணை அழைக்கலாம். ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று 18 வயதைக் கணக்கிட ஆண்டுக்கு நான்கு தகுதி நாள்கள் இருப்பதால், கல்லூரியில் முதலாண்டு படிக்கும் பிள்ளைகள் அடுத்த ஜனவரிவரை காத்திருக்க வேண்டியதில்லை.

வாடகைக்குக் குடியிருப்போரிடம் அதிக நேரம் செலவிடுங்கள், ஏனெனில் சென்னையின் காலி வாக்குகளில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். மதுரையிலோ திருநெல்வேலியிலோ வாக்கை வைத்துக்கொண்டு பழைய மகாபலிபுரம் சாலையில் பத்தாண்டுகளாகக் குடியிருப்பவர்கள், சட்டமன்றத் தேர்தலுக்கு ஊருக்குப் போவார்கள். உள்ளாட்சித் தேர்தலுக்குப் போக மாட்டார்கள். தாம் தினமும் நடக்கும் சாலைக்கு யார் பொறுப்பு என்பதில் அவர்களுக்கு வாக்கே இல்லாமல் போகிறது. "ஊர் வாக்கை விட்டுவிடுங்கள்" என்று சொன்னால் மனம் கோணும். சொந்த ஊரோடு உள்ள உறவு அந்த வாக்காளர் அட்டையில் இருப்பதாக நினைப்பவர்கள் உண்டு. "குப்பை வண்டி வராவிட்டால் நீங்கள் எந்த ஊர் கவுன்சிலரைக் கேட்பீர்கள்?" என்று மெதுவாகக் கேட்டுப்பாருங்கள். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் சிக்கல் வருமோ என்று அஞ்சும் வீட்டு உரிமையாளர்களிடம் நலச் சங்கத்தின் செயலாளர் நேரில் பேசினால் தயக்கம் விலகும். கண்ணகி நகர் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில், பழைய முகவரியிலேயே பெயர் நிற்கும் குடும்பங்கள் இருக்கின்றனவா என்பதையும் விசாரியுங்கள்.

வார்டும் பூத்தும்

சட்டமன்றத் தேர்தலில் வாக்களித்த பள்ளிக்கே போய், "உங்கள் பெயர் இங்கே இல்லை" என்று கேட்டுத் திரும்புவது மாநகராட்சித் தேர்தலில் அடிக்கடி நடக்கிறது. பட்டியல் வார்டுவாரியாக மாற்றியமைக்கப்படுவதால் பூத்தும் மாறலாம். தெருவின் ஒரு பக்கம் ஒரு வார்டிலும் எதிர்ப்பக்கம் வேறு வார்டிலும் இருக்கலாம். 2022இல் சென்னையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக அமைந்த பூத்துகளும் இருந்தன. கணவன் மனைவி ஒரே வரிசையில் நிற்கலாம் என்று வந்தவர்கள் அங்கே தடுமாறியிருப்பார்கள். சொத்து வரி எண்ணில் மண்டலமும் வார்டும் இருக்கும், ஆனால் வார்டு எல்லை மறுவரையறைக்குப் பிந்தைய எண்ணோடு அதை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். பூத் பட்டியல் வெளியானவுடன் உங்கள் தெருவுக்கு உரிய பள்ளியின் பெயர், எந்தக் கட்டடம், எந்த வாசல், சாய்தளம் இருக்கிறதா ஆகியவற்றை நேரில் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "பள்ளியின் பின்பக்க வாசல், நியாயவிலைக் கடைக்கு எதிரில்" என்று சொல்ல முடிவது பூத் சிலிப்பில் அச்சான முகவரியைவிட முதியவர்களுக்கு உதவும்.

கதவைத் தட்டுதல்

மற்ற எல்லாவற்றையும்விட இதுவே பலன் தருவது. 1998இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஏறத்தாழ 30,000 வாக்காளர்களிடையே யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். சிலரை வீடு தேடிச் சென்று வாக்களிக்கச் சொன்னார்கள், சிலருக்குக் கடிதம் அனுப்பினார்கள், சிலரைத் தொலைபேசியில் அழைத்தார்கள். நேரில் சென்றது வாக்குப்பதிவைக் கணிசமாக உயர்த்தியது. கடிதம் சிறிதளவே உதவியது. தொலைபேசி அழைப்பால் பயன் இல்லை. நகரம் வேறு, நாடு வேறு என்றாலும், பேரூராட்சிகளில் நாம் காண்பதும் இதுதான். வாட்ஸ்அப் குழுவில் வாக்களிக்கச் சொல்லும் படத்தை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததாக நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒருவர் முப்பது வீடுகளுக்குமேல் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த முப்பதும் அவருக்குத் தெரிந்த வீடுகளாக இருப்பது நல்லது. தெருவில் பூ விற்பவர், இஸ்திரி போடுபவர், டியூஷன் எடுக்கும் ஆசிரியை ஆகியோருக்கு நலச் சங்கத் தலைவரைவிட அதிக வீடுகள் தெரியும், அவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தேர்தலுக்கு முந்தைய பத்து நாள்களில் இரண்டு முறை போக வேண்டும். முதல் முறை, பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதையும் பூத் எது என்பதையும் சொல்லுங்கள். இரண்டாம் முறை, நேரத்தைக் கேளுங்கள்: "அக்கா, காலையில சமையலுக்கு முன்னாடி போறீங்களா, மத்தியானம் போறீங்களா? வீட்ல தாத்தாவை யார் கூட்டிட்டு வருவாங்க?" எப்போது, யாருடன், எப்படிப் போவோம் என்று வாயால் சொல்லிவிட்டவர்கள் பெரும்பாலும் போய்விடுகிறார்கள். "ஓட்டு போடுவீங்களா?" என்று மட்டும் கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

"இந்தத் தெருவில் யாருமே ஓட்டு போடுவதில்லை" என்று கடிந்து பேசுவதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். அதைக் கேட்பவர், யாரும் போகாத இடத்துக்கு நாம் ஏன் போக வேண்டும் என்றே எண்ணுவார். "நம் மாடியில் எட்டு வீட்டில் ஆறு வீடு காலையிலேயே போகிறோம்" என்று, அது உண்மையானால், சொல்லுங்கள்.

யாருக்கு வாக்களிப்பது என்ற பேச்சு எழுந்தால் விலகிக்கொள்ளுங்கள். ஆனால் வேட்பாளர்களை அறிமுகம் செய்வது உங்கள் வேலையே. வேட்புமனு இறுதியானதும், போட்டியிடும் எல்லோரையும், ஒருவரையும் விடாமல், தெருமுனைக்கோ குடியிருப்பின் பொது அறைக்கோ அழைத்து, ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். வடிகாலைப் பற்றி மூன்று கேள்வி, குப்பையைப் பற்றி இரண்டு கேள்வி என்று முன்கூட்டியே எழுதி வைத்து எல்லோரிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள். கூட்டத்துக்குக் காவல்துறை அனுமதி தேவையா என்பதையும், நடத்தை விதிகள் என்ன சொல்கின்றன என்பதையும் மண்டல அலுவலகத்தில் உள்ள தேர்தல் நடத்தும் அலுவலரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். மொத்த வார்டுகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை என்பதால், பெண் வேட்பாளருக்குப் பதிலாகக் கணவரோ தந்தையோ வந்து பேச முற்பட்டால், வேட்பாளரே பேச வேண்டும் என்று மரியாதையாக ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்.

வேலைக்குப் போகிறவர்கள்

தேர்தல் நாள் பொது விடுமுறையாக அறிவிக்கப்பட்டாலும் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும், உணவு விநியோகம் செய்யும் இளைஞர்களுக்கும், குடியிருப்புக் காவலாளிகளுக்கும் அது விடுமுறையாக இருப்பதில்லை. உங்கள் குடியிருப்பில் வேலைக்கு வரும் அக்காமார்களிடம் அன்று பதினொரு மணிக்கு வந்தால் போதும் என்று எல்லா வீடுகளும் சேர்ந்து சொல்லிவிட்டால், ஒருவர் மட்டும் சொல்லி மற்றவர் சொல்லாத சங்கடம் அவர்களுக்கு வராது. காவலாளிகளின் பணிமுறையை அன்று மாற்றியமைப்பது சங்கத்தின் கையில் இருக்கிறது. இதைச் செய்யாத குடியிருப்பு வாக்குப்பதிவைப் பற்றிப் பிறருக்கு அறிவுரை சொல்வது முறையாகாது.

வாக்குப்பதிவு நாள்

காலை ஏழு மணிக்கு முன்பே பட்டியலோடு தயாராகுங்கள். வாக்காளர் அடையாள அட்டை இல்லாதவர்களிடம் ஆதார், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், நிரந்தரக் கணக்கு எண் அட்டை, புகைப்படம் ஒட்டிய வங்கிப் பாஸ்புத்தகம் போன்ற ஆவணங்களில் ஒன்றை எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். பூத் சிலிப் மட்டும் அடையாளமாகாது. வந்துவிட்டவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டு, பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் மீதமுள்ள வீடுகளுக்கு ஒருமுறை போய் நினைவூட்டுங்கள். வெயில் தணியட்டும் என்று காத்திருப்பவர்களே மாலையில் தவறவிடுபவர்கள். முடியும் நேரத்தில் வரிசையில் நின்றுவிட்டால் வாக்களிக்க விடுவார்கள் என்பதைக் கடைசி மணி நேரத்தில் சொல்லிக்கொண்டே இருங்கள்.

கட்சிகளோ வேட்பாளர்களோ தரும் வண்டியைத் தொடவே கூடாது. அது தேர்தல் முறைகேடு. நடக்க இயலாத முதியவரை அவருடைய குடும்பத்தாரோ பக்கத்து வீட்டாரோ தம் செலவில் ஆட்டோவில் அழைத்துச் செல்லட்டும். வாக்களித்தவர்களுக்குப் பரிசு, தள்ளுபடி என்று எதையும் அறிவிக்காதீர்கள். வாக்குச்சாவடி எல்லைக்கோட்டுக்குள் தொண்டர்கள் நிற்க வேண்டாம், கைபேசியை உள்ளே கொண்டுபோக வேண்டாம்.

முடிந்த பிறகு

பூத்வாரியான எண்ணிக்கையை மண்டல அலுவலகத்தில் கேளுங்கள்; தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு கொடுங்கள். வராதவர்களிடம் காரணம் கேட்கும்போது குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். பெயர் இல்லை, பூத் தூரம், வேலை, உடல்நலம், யாரையும் பிடிக்கவில்லை என்று எதுவானாலும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பெயர்கள் உள்ள தாள்களைப் பிறகு கிழித்துப் போட்டுவிட வேண்டும், ஏனெனில் யார் வாக்களிக்கவில்லை என்ற பட்டியல் எந்தக் கட்சியின் கையிலும் சேரக் கூடாது.

2022 முதல் நவம்பர் 1 உள்ளாட்சி நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டு, அன்று வார்டுகளில் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. நீங்கள் தேடிப்போன வீடுகளிலிருந்து சிலரையாவது அந்தக் கூட்டத்துக்கு அழைத்துச் சென்று, வேட்பாளர் கூட்டத்தில் கேட்ட அதே வடிகால் கேள்வியை இப்போது கவுன்சிலராக இருப்பவரிடம் கேட்கச் செய்யுங்கள். பூத் தூரமாக இருந்தது, சாய்தளம் இல்லை, ஒரே தெரு இரண்டு பள்ளிகளாகப் பிரிந்தது போன்ற குறைகளைப் பெயர்கள் இல்லாமல் தொகுத்து, கோயம்பேட்டில் உள்ள மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு மனுவாக அனுப்பி, அதன் நகலை மண்டல அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். அடுத்த பூத் பட்டியல் தயாராகும்போது அந்த ஒப்புகையைக் காட்டித் திருத்தம் கேட்கலாம்.